துரைக்குத் தொண்டை கட்டியது

ஒரு பூனையின் மேல் பொறாமை என்று எந்த ஆண்பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லமாட்டான். லெனாட்டும் சொல்லவில்லை. ஆனால் குருநகரில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையின் நாலாவது வீட்டில், கட்டாரில் பதினேழு வருஷம் உழைத்துத் தலை நரைத்துத் திரும்பிவந்த நாற்பத்தொன்பது வயது மனிதன் ஒருவன் எட்டு மாதமாக ஒரு பூனையைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தான் என்பதுதான் விஷயம். வெளியே சொன்னால் ஒழுங்கை முழுக்கச் சிரிக்கும். சொல்லாமல் வைத்திருந்தால் உள்ளே புகையும். அவன் புகையவிட்டான்.

பூனையின் பெயர் துரை. சாம்பல் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட கொழுத்த கடுவன். ஏழு வருஷத்துக்கு முன்னர் லெனாட்டின் தாய் இறந்து, முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்து, வந்த சனமெல்லாம் போன பிறகு மதிலேறி வந்த குட்டி அது. தாயின் அடக்கத்தையே ரெலிபோனில் பார்த்தவன் லெனாட். பிள்ளை குட்டி இல்லை. மாமியும் போய்விட, அந்த வீட்டில் அவன் மனைவி யோசப்பின் தனித்துப்போனாள். குட்டிக்கு இரண்டு சூடைமீன் போட்டாள். அது சாப்பிட்டுவிட்டு மாமியின் கதிரையில் ஏறிப் படுத்தது. அன்றைக்குப் படுத்ததுதான், இன்னும் இறங்கவில்லை.

ஊரில் எல்லாரும் பூனையை வா, போ என்பார்கள். யோசப்பின் அப்படி இல்லை. கோயில் பங்கின் முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், நாய் பூனையையும் மரியாதையாகக் கூப்பிட்டுப் பழகிவிட்டாள். "துரை, வாங்கோ. துரை, சாப்பிடுங்கோ. இப்ப ஏன் கோவிக்கிறியள்?" அதே வாங்கோ, அதே சாப்பிடுங்கோ, லெனாட்டுக்கும். இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் மரியாதை பரிமாறினால் புருஷன்காரனுக்கு எப்படி இருக்கும்?

அவன் வந்து இரண்டாம் கிழமையே ஒரு சம்பவம். யாழ்ப்பாணத்துப் பெண்சாதி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், 'இஞ்சாருங்கோ' என்பாள். அன்றைக்குக் குசினிக்குள்ளிருந்து யோசப்பினின் குரல் கேட்டது. "இஞ்சாருங்கோ, கொஞ்சம் இஞ்சை வந்துட்டுப் போங்கோவன்." குரலில் தேன். பதினேழு வருஷம் மணலுக்குள் கிடந்து அவன் ஏங்கிய குரல். முன்மதிலுக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்த லெனாட், கையிலிருந்த சாந்தகப்பையைக்கூட வைக்காமல் ஓடினான். அவன் குசினி வாசலை அடைந்தபோது துரை அவனுடைய கால்களுக்கு நடுவால் உள்ளே போய்விட்டது. யோசப்பின் குனிந்து ஒரு முரல்மீன் தலையை அதன் கோப்பையில் வைத்தாள். நிமிர்ந்து லெனாட்டைப் பார்த்து, "என்னப்பா, சீமெந்துக் கையோடை குசினிக்குள்ளை?" என்றாள்.

அந்த நாளிலிருந்து லெனாட்டுக்குத் துரையைக் கண்ணில் காட்டக்கூடாது.

பொறாமைக்குப் பெரிய காரணம் இதுவல்ல. காரணம், அவளுடைய காது. துரையின் ஒவ்வொரு சத்தமும் யோசப்பினுக்கு விளங்கும். நீட்டி இழுத்தால் பசி. இரண்டாக வெட்டிக் கத்தினால் கதவு திறக்கவேண்டும். தொண்டைக்குள்ளேயே உருட்டினால் மதிலில் ஓணான். மழை வருமுன் ஒரு குரல், வண்டில்காரன் மீன் கொண்டுவந்தால் ஒரு குரல். பக்கத்து வீட்டு அடைக்கலநாதன் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்துவிட்டு எழும்பினால் அதற்கும் ஒரு தனிக்குரல். உடுப்பு அலம்பிக்கொண்டிருப்பாள், துரை எங்கோ கூரையில் நின்று கத்தும். "அடைக்கலமண்ணை எழும்பிட்டார், தேத்தண்ணி நேரமாச்சு," என்பாள். லெனாட் எட்டிப் பார்ப்பான். அடைக்கலநாதன் எழும்பித்தான் இருப்பான்.

இந்தக் காதுக்கு லெனாட்டின் தொண்டை மட்டும் கேட்கவில்லை.

டோகாவில் அவன் கட்டட வேலைத்தளத்தில் மேற்பார்வைக்காரன். அடியில் நின்று பதினோராம் மாடிக்குக் கத்துவதுதான் பாதி உத்தியோகம். திரும்பி வருவதற்கு ஆறு மாதத்துக்கு முன்னர் ஒருநாள் கத்தும்போது குரல் நடுவில் முறிந்தது. புழுதி என்று நினைத்தான். தண்ணீர் குடித்தான். முறிந்த குரல் முறிந்தபடியே இருந்தது. இப்போது கணக்குப் பார்த்தால் பதினாலு மாதம். முன்பு கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற ஆள் அவன். இந்த வருஷம் உயிர்த்த ஞாயிறு பூசையில் வாயைத் திறந்தான், மரத்தை அரத்தால் அராவிய மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டு மற்றவர்கள் பாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்ற யோசப்பின் பாடிக்கொண்டே இருந்தாள்.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். மனைவியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் மனுஷப் புத்தி நேராகப் போகிற புத்தியா? பூனை இருமினால் பதறுகிறவள், புருஷனின் குரல் செத்துக்கிடப்பதை எப்போது கண்டுபிடிக்கிறாள் என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தான். அவளாகக் கேட்கட்டும். கேட்கும்வரை நானாகச் சொல்லமாட்டேன். பிள்ளைத்தனமான வீம்புதான். அதைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் இருந்தான். உள்ளுக்குள் பயமும் இருந்தது. சத்தம் போட்டுக் கதைத்தால் தொண்டையில் முள் குத்துகிற மாதிரி இருந்தது. அந்தப் பயத்தையும் வீம்பின் மேலேயே சாத்தி வைத்தான்.

யோசப்பின் காலை ஏழே முக்காலுக்கு முன்பள்ளிக்குச் சைக்கிளில் புறப்படுவாள், பன்னிரண்டேகாலுக்குத் திரும்புவாள். அவள் போனதும் துரை படலையடிக்குப் போய்க் குந்திக்கொள்ளும். ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு விட்டு விட்டுக் கத்தும். போகிற வருகிற சனம் சும்மா போகாது. "ரீச்சரைத் தேடுது போலை," என்று அடைக்கலநாதன் மதிலுக்கு மேலால் சிரிப்பான். "லெனாட், நீ வந்தும் உதுக்குத் தனிமை போகேல்லைப் பார்."

அடைக்கலநாதன் பகிடிக்குத்தான் சொன்னான். லெனாட்டுக்குச் சுட்டது. வீட்டில் ஒரு ஆம்பிளை இருக்கிறான். அவனும் பன்னிரண்டேகால் எப்போது வரும் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அவன் காத்திருப்பதைக் கேட்க ஒரு நாதி இல்லை. பூனை காத்திருப்பது மட்டும் ஊருக்கே கேட்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை, யோசப்பின் போன கையோடு, அவன் துரையைக் கழுத்துத் தோலில் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கத்துச் சாமான் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினான். டோகாவிலிருந்து வந்த பெட்டிகளும் தாயின் பழைய அலுமாரியும் கிடக்கிற அறை. தண்ணீர் வைத்தான், மீன் வைத்தான். கொடுமைக்காரன் என்ற பெயர் தனக்குத் தானே வந்துவிடக்கூடாது அல்லவா! ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான் நினைத்தான். அன்றைக்குப் படலையடி வெறுமையாக இருந்தது, ஒழுங்கையில் எவரும் பகிடி விடவில்லை. பன்னிரண்டுக்குக் கதவைத் திறந்துவிட்டான். பன்னிரண்டேகாலுக்கு யோசப்பின் வந்தபோது படலையைத் திறந்துவிட்டவன் லெனாட். "என்னப்பா, வாசலிலேயே நிக்கிறியள்?" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதாதா? அடுத்த நாளும் சாத்தினான்.

மூன்று கிழமை சாத்தினான். மறந்துபோகாமல் இருக்க ரெலிபோனில் பதினொன்று ஐம்பத்தைந்துக்கு மணி வைத்தான்.

உள்ளே துரை கத்தியது. முதல் நாட்களில் கதவுக்குரல், இரண்டாக வெட்டி வெட்டி. பிறகு லெனாட் கேட்டிராத ஒரு குரல், நாலு மணித்தியாலம் விடாமல். அவன் ரேடியோவைக் கூட்டிவைத்துவிட்டு மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தான். மூன்றாம் கிழமை ரேடியோ தேவைப்படவில்லை. கத்தல் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு திங்கட்கிழமை அவன் கதவைத் திறந்தபோது துரை அவனைப் பார்த்து வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து வந்தது, அதுவும் முறிந்து, அராவிக்கொண்டு.

லெனாட் அப்படியே நின்றான். அந்தச் சத்தத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் அவன் வாயிலிருந்து வருவது அது.

பாவம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றியதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னதாக வேறொன்று தோன்றியது. இப்போது பார்ப்போம். இரண்டு தொண்டையும் ஒரே மாதிரி. இவள் எதைக் கேட்கிறாள்?

பன்னிரண்டேகால். சைக்கிள் மணி. துரை ஓடிப்போய் யோசப்பினின் காலடியில் வாயைத் திறந்தது. அவள் இன்னும் சைக்கிளைச் சாத்தவே இல்லை, ஒரு கால் மிதியில் இருந்தது.

"ஐயோ, துரை! என்ன உங்கடை குரலுக்கு?"

சைக்கிள் சரிந்து விழுந்தது. கூடையிலிருந்த பிள்ளைகளின் கொப்பிகள் முற்றமெல்லாம் பறந்தன. அவள் அதைப் பார்க்கவே இல்லை. பூனையை மடியில் தூக்கி, வாயைத் திறந்து பார்த்து, கழுத்தைத் தடவி, மூக்கைத் தொட்டு. ஒரு வினாடி! ஒரு 'மியா'வில் பாதி! லெனாட் குனிந்து கொப்பிகளைப் பொறுக்கினான். அவனுக்குக் கண் கலங்கியது. பூனைக்காக அல்ல.

"சளி பிடிச்சிருக்கும்," என்றான் கரகரத்து. "அரைப் பனடோலைக் கரைச்சுப் பருக்கும்."

"சளிக்கு இப்பிடி வராதப்பா. சளி எண்டால் மூக்காலை வடியும். இது வேறை." அவள் நிமிரவில்லை. அவன் சொன்னது கேட்டது, சொன்ன குரல் கேட்கவில்லை. "அரை றாத்திரியிலை நித்திரையாலை எழுப்பிக் கேட்டாலும் எனக்கு இவரின்ரை குரல் தெரியும். இது இவரின்ரை குரலே இல்லை."

அன்று பின்னேரம் அவள் சோறு தின்னவில்லை. மறுநாள் முன்பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டாள். பதினேழு வருஷத்தில் புருஷன் வந்திறங்கிய நாளுக்குக்கூட அரைநாள் லீவுதான் போட்டவள். லெனாட் இதையும் குறித்துவைத்துக்கொண்டான்.

பட்டணத்தில் ஒரு தனியார் மிருக வைத்திய நிலையம். பிரம்புக் கூடையின் வாயைத் துவாயால் கட்டி, மடியில் வைத்தபடி யோசப்பின் ஓட்டோவில் இருந்தாள். லெனாட் பக்கத்தில் இருந்தான். வழியெல்லாம் அவள் கூடைக்குள் கதைத்தாள்.

டொக்டர் சிவகௌரி முப்பது வயதுக்காரி. மேசையில் துரையை நிறுத்தி, ஒரு கையால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"எப்ப இருந்து குரல் மாறினது?"

"நேத்து மத்தியானம் பன்ரண்டேகால், டொக்டர்," என்றாள் யோசப்பின். பிறகு கொஞ்சம் யோசித்து, "இல்லை, நாலைஞ்சு நாளாவே கொஞ்சம் கம்மியிருந்தது. பசிக் குரலிலை தெரியேல்லை. கதவுக் குரலிலைதான் தெரிஞ்சது. நான் வெயிலாக்கும் எண்டு விட்டிட்டன். என்ரை பிழை."

டொக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு வடிவா ஆரும் எனக்குச் சொன்னதில்லை அக்கா. எல்லாரும் மூச்சுத் திணறேக்கைதான் கொண்டுவருவினம். சாப்பிடுறாரோ? விழுங்கேக்கை கஷ்டப்படுறாரோ? தும்மல், இருமல்?"

"சாப்பிடுறார். மெள்ள மெள்ள. தும்மல் இல்லை."

"பனடோல் ஏதும் குடுத்தனீங்களோ?"

"இவர் குடுக்கச் சொன்னவர். நான் குடுக்கேல்லை."

"நல்ல காலம். பூனைக்கு அது நஞ்சு. கால் குளிசையே ஆளை முடிச்சிடும்."

லெனாட் சுவரில் ஒட்டியிருந்த நாய்ப்படத்தைப் பார்த்தான்.

டொக்டர் காய்ச்சல் பார்த்தாள். வாயைத் திறந்து சின்ன வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். இரண்டு விரலால் கழுத்தை மேலிருந்து கீழாகத் தடவினாள். "பூனையின்ரை குரல் சும்மா மாறாது அக்கா. தடிமன் காய்ச்சலிலை மாறும். முள்ளோ நூலோ சிக்கினால் மாறும். கழுத்துச் சுரப்பி கூடினாலும் மாறும், உள்ளுக்கை கட்டி வந்தாலும் மாறும். ஒண்டுமில்லாமல் நெடுகக் கத்தினாலும் மாறும். இவருக்குக் காய்ச்சல் இல்லை. முள்ளு எனக்குத் தெரியேல்லை. கழுத்தும் சரி. ஆனால் தொண்டை சிவந்து கிடக்கு. எங்கையாவது பூட்டுப்பட்டுக் கத்தினவரோ?"

"சீச்சீ, இல்லை டொக்டர்!" என்றாள் யோசப்பின். "நான் பள்ளிக்கூடம் போனாலும் என்ரை மனுசன் வீட்டிலைதான் நிக்கிறார். இவர் பாத்துக்கொள்ளுவார்."

'இவர் பாத்துக்கொள்ளுவார்.' எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொல்கிற மாதிரி. லெனாட்டுக்குக் காது மடல் சுட்டது.

"அப்ப உள்ளுக்கை ஏதும் வளருதோ எண்டுதான் பாக்கவேணும்," என்றாள் டொக்டர். "மயக்கமருந்து குடுத்து, தொண்டைக்குள்ளை கமரா விட்டு. அந்த வசதி இஞ்சை இல்லை. கண்டிப் பக்கம் கொண்டுபோகவேணும்."

"மயக்கினால் எழும்புவாரோ, டொக்டர்?"

"பெரும்பாலும் எழும்புவார்."

யோசப்பினின் கை துரையின் முதுகில் அப்படியே நின்றது. "பெரும்பாலும்," என்று தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. "எப்ப கொண்டுபோகவேணும்? இண்டைக்கே போகட்டோ? இண்டைக்கு பஸ் இருக்கும்."

ஒரு பொய்யை வாய்திறக்காமலேயே சொல்லிவிட்டுச் சும்மா நிற்பது சுகமான வேலை. ஆனால் அந்தப் பொய் ஒரு உயிரைக் கூடையில் வைத்துக் கண்டிக்கு ஏற்றப்போகிறது. இப்போது சொல்லாவிட்டால் பூனை மயங்கி எழும்பாமல் போகலாம். சொன்னால் இந்த மனுஷி தன்னை இனி எப்படிப் பார்ப்பாளோ. லெனாட் துரையைப் பார்த்தான். துரை அவனைப் பார்க்கவேயில்லை. யோசப்பினின் கையை நக்கிக்கொண்டு நின்றது.

"டொக்டர், கண்டிக்குப் போகத் தேவையில்லை," என்றான். "அவர் பூட்டுப்பட்டுக் கத்தினவர்தான்."

பொறாமை பிடித்த மனிதன் முதல்முதலாகப் பூனையை 'அவர்' என்றான். ஒருவரும் கவனிக்கவில்லை.

"நான்தான் பூட்டினனான். சாமான் அறைக்குள்ளை. எட்டு மணி துவக்கம் பன்ரண்டு மட்டும். மூண்டு கிழமை."

யோசப்பின் திரும்பினாள். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல் லெனாட் டொக்டரையே பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னான், மீன் வைத்ததை, தண்ணீர் வைத்ததை, ரேடியோ போட்டதை. தொண்டை குத்தியது, குரல் நடுவில் இரண்டு இடத்தில் அறுந்து தொங்கியது. டொக்டர் பூனையை விட்டுவிட்டு அவனுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை," என்றாள் மெதுவாக, "உங்கடை குரல் எவ்வளவு காலமா இப்பிடி இருக்கு?"

எட்டு மாதமாக அவன் காத்திருந்த கேள்வி. கேட்டது யாரோ ஒரு மாட்டு டொக்டர். அவன் பதில் சொல்ல வாயெடுக்கமுன், கோபத்தில் முகம் சிவந்து நின்ற யோசப்பின் சொன்னாள்:

"அவரின்ரை குரல் எப்பவும் அப்பிடித்தான் டொக்டர்."

கன்னத்தில் அறைந்திருந்தால் வலி குறைவாக இருந்திருக்கும். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்துச் சொன்னாள். அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"எப்பவும் இல்லை," என்றான் லெனாட். "பதினாலு மாசம்."

டொக்டர் ஒருவரையும் பார்க்காமல் ஊசிமருந்தை இழுத்தாள். "பூனைக்கு ஊசி போடுறன். ஒரு கிழமைக்கு இளஞ்சூட்டிலை மெதுவான சாப்பாடு. கத்தவிடக்கூடாது. பத்து நாளுக்குள்ளை குரல் வராட்டில் கொண்டாங்கோ, பேந்து கண்டியைப் பற்றிக் கதைப்பம். அண்ணை, நான் மிருகம் பாக்கிற டொக்டர். ஆனாலும் ஒண்டு சொல்லுறன். மனுசருக்கு மூண்டு கிழமைக்கு மேலை குரல் அடைச்சிருந்தால் கட்டாயம் காட்டவேணும். பதினாலு மாசம் வைச்சிருக்கிற விசயம் இல்லை இது."

ஓட்டோவில் திரும்பும்போது யோசப்பின் கூடைக்குள்ளும் கதைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே பின்பக்கம் போய்ச் சாமான் அறையைத் திறந்தாள். கதவின் உட்பக்கத்தில், அடியிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு, வர்ணம் உரிந்து பலகை தெரிந்தது. அவள் குந்தியிருந்து அந்தக் கீறல்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஏன்?" என்றாள் திரும்பாமல்.

லெனாட் கதவு நிலையில் நின்றான். பெரிய காரணமாக ஒன்றைத் தேடினான். கிடைக்கவில்லை. "நீர் போனோடனை அவர் படலையடியிலை இருந்து உம்மைப் பாத்துக் கத்துவார். எனக்குப் பிடிக்கேல்லை."

"நீங்கள் என்னைப் பாத்துக்கொண்டு இருக்கிறேல்லையோ?"

"இருக்கிறனான்."

"அப்ப ரெண்டு பேருமா இருந்திருக்கலாமேயப்பா! படலையடி என்ன, இடமில்லாத இடமோ?"

அவள் எழும்பி நின்றாள். இப்போதுதான் அவனுடைய முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். மேசையில் நின்ற துரையைப் பார்த்த அதே பார்வை.

"பதினாலு மாசமோ?"

"ஓம்."

"நோகுதோ?"

"சில நேரம். பலத்துக் கதைச்சால் குத்தும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

சொன்னால் எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் அன்றைக்கு உண்மை சொல்லும் நாள். "நீர் கண்டுபிடிப்பீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். துரையின்ரையைக் கண்டுபிடிச்ச மாதிரி."

யோசப்பினுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே. முன்பள்ளிப் பிள்ளைகள் கண்டிருந்தால் ஒரு கிழமைக்குப் பள்ளிக்கூடம் வந்திருக்கமாட்டார்கள்.

"துரை பூனையப்பா! பூனை! அதுக்கு நோகுது எண்டு சொல்ல ஒரு சொல்லு இல்லை. அதாலைதான் நான் காதைத் தீட்டிக்கொண்டு திரியிறன். உங்களுக்கென்ன வந்தது? நாக்கு இருக்குத்தானே? செத்தாப்பிறகோ நான் கண்டுபிடிக்கிறது? மாமியைப் போலை உங்களையும் பெட்டிக்குள்ளை வைச்சிட்டு, ஓ, குரல் அடைச்சுத்தான் கிடந்தது எண்டு சொல்லுறதோ?"

கத்திவிட்டு அவள் மாமியின் அலுமாரியில் சாய்ந்து அழுதாள். லெனாட் கிட்டப் போனான், தொடப் பயமாக இருந்தது. அடைக்கலநாதன் மதிலுக்கு அப்பால் வலை பொத்துவதை நிறுத்திவிட்டான் என்பது அந்த அமைதியில் தெரிந்தது.

"கலியாணம் முடிச்சு மூண்டு வருசம் பக்கத்திலை இருந்தனீங்கள்," என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பேந்து போன். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஒரு மாசம் வருவியள், வீடு நிறையச் சனம். கொரோனாவோடை அதுவும் இல்லை. போனிலை எப்பவும் கரகரப்புத்தான். வெட்டி வெட்டித்தான் வரும். அதுதான் உங்கடை குரல் எண்டு எனக்குப் பழகிப்போச்சு. நீங்கள் வந்து இறங்கி 'யோசப்பின்' எண்டு கூப்பிட்டியள், போனிலை கேட்ட அதே குரல் எண்டு நான் சந்தோசப்பட்டனான்."

லெனாட் எதிர்பார்த்தது இதுவல்ல. கவனமில்லை, அன்பில்லை, பூனைதான் பெரிசு, இப்படி எதையாவது எதிர்பார்த்தான். அதற்கெல்லாம் திருப்பிச் சொல்ல அவனிடம் எட்டு மாதமாகச் சேர்த்த வார்த்தைகள் இருந்தன. இதற்கு ஒன்றும் இல்லை. அவளைக் குற்றம் சொல்ல ஓரிடமும் கிடைக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டை கிளினிக் வியாழக்கிழமை. யோசப்பின் மறுபடியும் லீவு சொன்னாள். நீண்ட வாங்கில் முப்பது பேருக்குப் பின்னால் இரண்டு பேரும் இருந்தார்கள். அவள் அவனுடைய ஒவ்வொரு செருமலுக்கும் திரும்பிப் பார்த்தாள். முன்பென்றால் அவனுக்கு அது சொர்க்கமாக இருந்திருக்கும். இப்போது கூச்சமாக இருந்தது.

இலக்கம் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட வயதான டொக்டர் தாளிலிருந்து நிமிராமலே கேட்டார். "என்ன கரைச்சல்?"

யோசப்பின் வாயைத் திறந்தாள். துரைக்காகச் சொன்ன மாதிரி, எந்த நாள், எந்த நேரம், எந்தக் குரலில் முதலில் தெரிந்தது என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு லெனாட்டைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்கோ," என்றாள்.

லெனாட் சொன்னான். பதினோராம் மாடியைச் சொன்னான், நடுவில் முறிந்ததைச் சொன்னான், உயிர்த்த ஞாயிறு பூசையில் பாட வாய்திறந்ததைச் சொன்னான். அதைக் கேட்டபோது யோசப்பின் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். டொக்டர் மூக்கால் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, கருவித் திரையைக் கனநேரம் பார்த்தார். இடதுபக்கக் குரல்நாணில் சின்னதாக ஒரு தடிப்பு இருக்கிறது என்றார். எடுக்கவேண்டும், எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும், முடிவு வந்தபிறகுதான் மற்றது. கெட்டதாக இராது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நினைப்பதை வைத்து ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார். லெனாட் தலையாட்டினான்.

"வேறை ஏதும் கேக்கவேணுமோ?" என்று டொக்டர் பேனையை எடுத்தார்.

"ஒண்டு கேக்கவேணும் டொக்டர்," என்றாள் யோசப்பின். "எடுத்தாப்பிறகு இவரின்ரை பழைய குரல் திரும்பி வருமோ?"

"வரலாம். ஏன்?"

"அது எப்பிடி இருந்தது எண்டு எனக்கு நினைவில்லை டொக்டர். நினைச்சு நினைச்சுப் பாக்கிறன், வருகுதில்லை. அதை ஒருக்காக் கேக்கவேணும்."

டொக்டர் முதல்முறையாகக் கண்ணாடிக்கு மேலால் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் லெனாட்டைப் பார்க்கவில்லை. தொலைந்துபோன ஒருவரைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்கு வருகிற முகம் அவளுக்கு வந்திருந்தது. அப்படி ஒரு ஏக்கத்தோடு அவள் எதையும் கேட்டு லெனாட் கண்டதில்லை. டோகாவிலிருந்து எப்போது வருவீர்கள் என்றுகூட அவள் இப்படிக் கேட்டதில்லை. பக்கத்தில் அவன் உயிரோடு இருக்க, அவள் அந்தப் பழைய குரலுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டாள். அவனுக்கு அந்தக் குரலின் மேல் பொறாமையாக இருந்தது.